பேஞ்சோவில் ஓல்டு டைம்: கேட்பதிலிருந்து கூட்டத்தில் வாசிப்பது வரை

பேஞ்சோ என்ற அமெரிக்கத் தந்திக் கருவியைச் சொன்னதும் பெரும்பாலோர் நினைப்பது விரல்களில் உலோக பிக் (தந்தி மீட்டும் விரலுறை) மாட்டிக்கொண்டு படபடவென்று பொழியும் புளூகிராஸ் வாசிப்பைத்தான். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பில் மன்ரோவின் குழுவில் சேர்ந்த பிறகுதான் அந்தப் பாணி ஊரெல்லாம் பரவியது. ஓல்டு டைம் அதற்கு முந்தைய சங்கதி. வர்ஜீனியா, வட கரோலினா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி ஆகிய அமெரிக்க மாநிலங்களின் மலைப்பகுதிகளில் ஃபிடிலும் (வயலின்தான், நாட்டு இசையில் இந்தப் பெயர்) பேஞ்சோவும் சேர்ந்து நடனத்துக்கு வாசித்த மெட்டுகள் அவை. இதில் ஆளுக்கொரு சுற்று தனியாக வாசித்துக் கைதட்டல் வாங்கும் வழக்கம் கிடையாது. ஃபிடில் எடுக்கும் அதே மெட்டை பேஞ்சோவும் கூடவே வாசிக்கும், பத்து நிமிடமானாலும் திரும்பத் திரும்ப. விரல் வேகம் குறைவாக இருந்தால் பாதகமில்லை, தாளம் தளரக் கூடாது. ஆகவே கற்கும் வரிசையும் இதுதான்: வலது கை முதலில், மெட்டு அடுத்தது, அலங்காரம் கடைசியில்.

யாரைக் கேட்பது

பேஞ்சோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த கருவி இது. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்கள் வாசிக்கும் அகோன்டிங்கைப் பாருங்கள்: நகத்தால் கீழ்நோக்கி அடி, கட்டைவிரலால் குட்டைத் தந்தி. நாம் இங்கே கற்கப்போகும் கையசைவும் அதேதான். 1830களில் ஜோயல் ஸ்வீனி போன்ற வெள்ளையர்கள், முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்யும் மேடைகளில் பேஞ்சோவைப் பிரபலமாக்கினார்கள். 1920களில் ரெக்கார்டு கம்பெனிகள் கறுப்பர் இசைக்கு ஒரு பட்டியல், வெள்ளையர் இசைக்கு ஒரு பட்டியல் என்று பிரித்து விற்றன. கறுப்பர்களின் தந்திக் குழுக்கள் மிகக் குறைவாகவே பதிவாயின. பழைய இசைத்தட்டுகளை மட்டும் கேட்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வட கரோலினாவின் ஓடெல் தாம்ஸன், டிங்க் ராபர்ட்ஸ் ஆகியோரின் பிற்காலப் பதிவுகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்த குழப்பம் பாணி. ஓல்டு டைம் பேஞ்சோ எல்லாமே ஒரே கையால் வாசிக்கப்பட்டதல்ல. நகத்தால் கீழ்நோக்கி அடிப்பது கிளாஹாமர். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தந்தியை இழுத்து மீட்டுவது இரண்டு விரல் பாணி. டாக் பாக்ஸ் 1927இல் பதிவு செய்த பாட்டுகளைக் கேட்டுவிட்டு அதைக் கிளாஹாமரில் எடுக்கப் பல நாள் போராடுபவர்கள் உண்டு. அது வராது, ஏனென்றால் அவர் கிளாஹாமரே வாசிக்கவில்லை, விரல்களால் மேல்நோக்கி மீட்டுகிறார். கிளாஹாமர் கற்க நினைப்பவர் காதில் ஏற்ற வேண்டிய பெயர்கள் வேறு: வர்ஜீனியாவின் வேட் வார்ட், வட கரோலினாவின் சர்ரி கவுன்ட்டியில் ரவுண்ட் பீக் வட்டாரத்தைச் சேர்ந்த டாமி ஜாரெல், ஃபிரெட் காக்கர்ஹாம், கைல் க்ரீட். இவர்களில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கேளுங்கள். ஆளுக்கொரு மெட்டாகப் பதினைந்து பேரைக் கேட்டால் எந்தக் கையும் காதில் தங்காது.

பதிவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃபிடில் வாசிப்பவர் ஹென்றி ரீடை ஆலன் ஜபூர் 1966, 1967 ஆண்டுகளில் பதிவு செய்த தொகுப்பு முழுவதையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. ஸ்லிப்பரி ஹில் என்ற காப்பகத்தில் மெட்டின் பெயரோடு அது எந்தச் சுருதி என்ற விவரமும் இருக்கிறது. ஃபிடில் பதிவுகளை ஒதுக்க வேண்டாம். மெட்டு ஃபிடிலில்தான் முழுசாகத் தெரியும், பேஞ்சோ அதன் எலும்புக்கூட்டைத்தான் வாசிக்கிறது.

கருவி

வாங்க வேண்டியது ஐந்து தந்தி, பின்பக்கம் திறந்த பேஞ்சோ. ஓபன் பேக் என்று கேட்டால் கொடுப்பார்கள். நான்கு தந்தி டெனர் பேஞ்சோ வேறு இசைக்கானது. ஆறு தந்தி பேஞ்சோ உண்மையில் பேஞ்சோ உடம்பில் ஒரு கிட்டார். இரண்டிலும் குட்டை ஐந்தாம் தந்தி இல்லாததால் கிளாஹாமர் வாசிக்க முடியாது. கையில் ஏற்கெனவே புளூகிராஸ் பேஞ்சோ இருந்தால் பின்னால் உள்ள மரக் கிண்ணத்தைக் கழற்றினால் போதும். பெரும்பாலான கருவிகளில் நான்கு கைத்திருகுகள்தான், எடையும் குறையும்.

விற்பவரிடம் பார்க்க வேண்டியவை மூன்று. கழுத்து நேராக இருக்கிறதா. ஐந்தாம் தந்தியின் முறுக்காணி பல்சக்கரம் வைத்ததா, வெறும் உராய்வு ஆணியா. உராய்வு ஆணி அடிக்கடி நழுவிச் சுருதியைக் கெடுக்கும். மூன்றாவது, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருந்தால் கிளாஹாமருக்கு வசதி. அதைவிட மிகத் தாழ்வாக இருந்தால் நகம் அடிக்கும் வேகத்தில் தந்தி ஃபிரெட்டில் பட்டு இரையும்.

புதுக் கருவி கைக்கு வந்ததும் பிரிட்ஜை, அதாவது தோலின் மேல் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டை, சரிபார்க்க வேண்டும். அது ஒட்டப்பட்டதல்ல, தந்திகளின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது, பயணத்தில் நகர்ந்திருக்கும். முதல் தந்தியை (வாசிக்கப் பிடித்தால் எல்லாவற்றுக்கும் கீழே வருவது) பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு நேர்மேலே லேசாகத் தொட்டு மீட்டி, தொட்ட விரலை உடனே எடுங்கள். மணி போல ஒரு ஒலி வரும். பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள். அழுத்திய ஒலி கூடுதலாக இருந்தால் பிரிட்ஜை வால் பக்கம் நகர்த்துங்கள், குறைவாக இருந்தால் கழுத்துப் பக்கம். ஒரு நேரத்தில் அரை மில்லிமீட்டர் போதும். நான்காம் தந்திக்கும் இதையே செய்யுங்கள். இரண்டுக்கும் வெவ்வேறு இடம் தேவைப்பட்டால் பிரிட்ஜ் கொஞ்சம் சாய்வாக நிற்கும், அது சரிதான். தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றாதீர்கள், பிரிட்ஜ் விழுந்து இந்த வேலை முதலிலிருந்து ஆரம்பமாகும்.

தந்திக் கனம்: மீடியம் என்று விற்கப்படும் செட் முதல் தந்தியிலிருந்து 10, 12, 16, 23, ஐந்தாவது 10. லைட் செட் 9, 10, 13, 20, 9. எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொடங்குபவருக்கு மீடியம் நல்லது. லைட் தந்தி நகத்தடியில் அதிகம் துள்ளி அடுத்த அடிக்குள் அடங்காமல் ஆடிக்கொண்டிருக்கும்.

தோல் என்று வழக்கமாகச் சொல்வது இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அது தளர்ந்திருந்தால் ஒலி மந்தமாகவும், பிரிட்ஜ் அமுங்கித் தந்தி தாழ்ந்தும் இருக்கும். சுற்றியுள்ள கொக்கிகளை எதிரெதிராகத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் எட்டில் ஒரு சுற்று மட்டும் முறுக்கி, முழு வட்டம் முடிந்தபின் தட்டிப் பாருங்கள். ஒரே கொக்கியை முழுச் சுற்று முறுக்கினால் தோலும் கிழியலாம், வளையமும் கோணலாகலாம். முறுக்கிய பிறகும் ஒலி கணகணவென்று நீண்டால், பின்பக்கம் உள்ளே குறுக்கே ஓடும் கம்பிக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பழைய பனியனை மடித்துச் செருகுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்த வேலை, விலை உயர்ந்த பிரிட்ஜ் மாற்றுவதைவிட அதிகம் உதவும்.

சுருதி சேர்த்தல்

பேஞ்சோவுக்கு ஒரே சுருதி ஏற்பாடு கிடையாது. மெட்டுக்கு மெட்டு தந்திகளை மாற்றிக் கட்டுவார்கள். டஜன் கணக்கில் ஏற்பாடுகள் புழக்கத்தில் இருந்தாலும் மூன்று தெரிந்தால் கூட்டத்தில் வரும் மெட்டுகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை இந்த வரிசையில் படியுங்கள்.

ஓபன் ஜி: ஜி, டி, ஜி, பி, டி. ஸ்வரமாகச் சொன்னால் மேல் ச, கீழ் ப, ச, அந்தர காந்தாரம், ப. விரல் வைக்காமல் வருடினாலே முழு ஸ்வரக்கூட்டு ஒலிக்கும்.

சாமில்: ஜி, டி, ஜி, சி, டி. காந்தாரம் இருந்த இடத்தில் சுத்த மத்தியமம். காந்தாரம் இல்லாததால் கரகரப்ரியா சாயலுள்ள மெட்டுகளுக்குத் தோதானது.

டபிள் சி: ஜி, சி, ஜி, சி, டி. இங்கே சி என்பதே ச. மேல் ப, கீழ் ச, ப, ச, ரி.

ஓபன் ஜியைச் சேர்க்க நான்காம் தந்தியை ட்யூனரில் டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஐந்தாம் ஃபிரெட் மூன்றாம் தந்திக்குச் சமம். மூன்றாவதின் நான்காம் ஃபிரெட் இரண்டாம் தந்திக்கு, இரண்டாவதின் மூன்றாம் ஃபிரெட் முதல் தந்திக்கு, முதலாவதின் ஐந்தாம் ஃபிரெட் ஐந்தாம் தந்திக்கு. சாமிலுக்குப் போக இரண்டாம் தந்தியை மட்டும் அரை ஸ்வரம் ஏற்றினால் போதும். அங்கிருந்து டபிள் சிக்கு நான்காம் தந்தியை ஒரு ஸ்வரம் இறக்குங்கள். இறக்கும்போது வேண்டிய இடத்துக்கும் கீழே போய், அங்கிருந்து மேலே ஏறி வந்து நிறுத்துங்கள். மேலிருந்து இறங்கி அப்படியே விட்டால் முறுக்காணியில் மிஞ்சிய தளர்வு இரண்டு நிமிடத்தில் சுருதியை இறக்கிவிடும்.

ஃபிடில்காரர்களுக்கு ஏ, டி சுருதிகள்தான் பிரியம். அதற்கு இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போ, அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போட வேண்டும். கேப்போ நான்கு தந்திகளைத்தான் பிடிக்கும். ஐந்தாவதைத் தனியாக ஏ வரை ஏற்ற வேண்டும். முறுக்கி ஏற்றலாம், அல்லது ஏழாம் ஃபிரெட் பக்கத்தில் பதித்திருக்கும் சிறு ஆணிக்கு அடியில் தந்தியைச் செருகலாம். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கான ஆணிகளைத்தான் இதற்குப் பதிப்பார்கள். இப்படி ஓபன் ஜியும் சாமிலும் ஏ சுருதிக்கும், டபிள் சி டி சுருதிக்கும் மாறிவிடும். கேப்போவை ஃபிரெட்டை ஒட்டி, அளவான இறுக்கத்தில் மாட்டுங்கள். இறுக்கம் அதிகமானால் தந்திகள் சுருதி கூடும். மாட்டிய பிறகு மறுபடி சரிபார்க்காமல் வாசிக்க ஆரம்பிப்பதுதான் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்க முதல் காரணம்.

வலது கை: தாம் திமி

நகம் எது என்று முதலில் தீர்மானியுங்கள். ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரல், எது வசதியோ அது. விரல் நுனியைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீட்டியிருந்தால் போதும். நீளமான நகம் தந்தியில் மாட்டி உடையும்.

கதவைத் தட்டப் போவது போல் கையை லேசாக மடக்குங்கள். விரல்கள் மடங்கியபடியே உறைந்து நிற்க வேண்டும், கட்டைவிரல் மட்டும் வெளியே நீட்டியிருக்க வேண்டும். முழங்கைக்குக் கீழே கை கருவியின் விளிம்பில் சாய்ந்திருக்கட்டும். இப்போது மணிக்கட்டிலிருந்து மொத்தக் கையும் கீழே விழ, நகம் முதல் தந்தியை அடிக்கிறது. அதே நொடியில் கட்டைவிரல் ஐந்தாம் தந்தியின் மேல் வந்து உட்காருகிறது. இரண்டும் ஒரே அசைவு. கை மேலே எழும்பும்போது கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை விட்டு விலகுகிறது. விலகும்போது அதை ஒலிக்கவும் வைக்கலாம், ஓசையின்றியும் விடலாம். கிளாஹாமரின் முழு இயந்திரமும் இவ்வளவுதான்.

உள் தந்திகளை அடிக்கும்போது நகம் தந்தியைத் தாண்டி அடுத்த தந்தியில் போய்ச் சாயும். மூன்றாம் தந்தியை அடித்தால் இரண்டாவதில் சாயும். அந்தச் சாய்வுதான் கனமான ஒலியைத் தருகிறது. தந்தியைக் கிள்ளி எடுப்பது போல் விரலை உள்ளே மடக்கினால் கை திசைமாறிவிட்டது என்று அர்த்தம்.

இதன் தாளத்துக்கு ஆங்கிலத்தில் பம்-டிட்டி என்று பெயர். நம் நாக்குக்கு தகதிமி என்றால் இன்னும் துல்லியம். நான்கு சம அக்ஷரம். த: நகம் ஒரு தந்தியை அடிக்கிறது. க: ஒன்றுமில்லை, கை காற்றில். தி: நகம் முதல் இரண்டு தந்திகளை வருடுகிறது. மி: கட்டைவிரல் ஐந்தாம் தந்தியை ஒலிக்கிறது. க மௌனமாக இருப்பதால் காதில் விழுவது தாம் திமி, தாம் திமி.

ஆரம்பத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் கோளாறு, இது தகிட ஆகிவிடுவது. மூன்று ஒலிகள் கேட்கின்றன, ஆகவே மூன்றையும் சம இடைவெளியில் வைத்துவிடுகிறோம். சதுஸ்ரம் திஸ்ரமாகிறது, குதிரை நொண்டுவது போல் ஒலிக்கும், எந்த மெட்டும் உட்காராது. நிவாரணம்: நான்கையும் வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள், க வரும்போது கை மேலே இருப்பதைக் கண்ணால் பாருங்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு தகதிமி. அதுவே வேகமாகத் தெரிந்தால் 45. பத்து நிமிடமாக ஒரு நாளில் இரண்டு முறை, ஒரு வாரத்துக்கு, மெட்டே இல்லாமல். அலுப்பாகத்தான் இருக்கும். அப்பலாச்சிய நடனங்களில் இதே தட்டு நிமிடத்துக்கு 110, 120 வரை போகும், ஆனால் அது தானாக வரும் காரியம்.

மற்ற கோளாறுகள். கட்டைவிரல் ஐந்தாம் தந்தியைத் தேடித் தடவினால், அது த அடியிலேயே வந்து உட்காரவில்லை. ஒலிக்காத அடியிலும் கட்டைவிரல் ஐந்தாவதில் இறங்கியே ஆக வேண்டும். ஒலி ஒரு முறை பெரிசாகவும் ஒரு முறை சின்னதாகவும் வந்தால், மணிக்கட்டு சும்மா இருக்க விரல் மட்டும் சுண்டுகிறது. வருடல் கரகரவென்று நான்கு தந்திகளையும் இழுத்தால் கை அளவுக்கு மீறி ஆழமாகப் போகிறது. வருடல் என்று பெயர்தான், முதல் தந்தியை மட்டும் தொட்டாலும் தப்பில்லை. தேர்ந்தவர்கள் பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள். நகம் உடைந்துகொண்டே இருந்தால் நகத்தின் மூலையால் அடிக்கிறீர்கள். நடு நகம் தட்டையாகப் படும்படி மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்புங்கள். அப்படியும் நகம் மெல்லியதென்றால் செயற்கை நகம் ஒட்டிக்கொள்ளலாம், பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அடிக்கும் இடமும் ஒலியை மாற்றும். பிரிட்ஜ் பக்கம் கூர்மை, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் உருண்டையான மென்மை. பல ஓபன் பேக் பேஞ்சோக்களில் கழுத்தின் கடைசி ஃபிரெட்களைச் செதுக்கி எடுத்திருப்பது, நகம் பலகையில் இடிக்காமல் அங்கே அடிக்கத்தான்.

முதல் மெட்டு

தொடக்கத்துக்கு நல்லது ‘பாயில் தெம் கேபேஜ் டவுன்’ என்ற நாட்டு மெட்டு. ஓபன் ஜியில் விரல் வைக்க வேண்டிய இடங்கள் இரண்டே. மூன்றாம் தந்தி வெறுமையாக ச, அதன் இரண்டாம் ஃபிரெட் ரி. இரண்டாம் தந்தி வெறுமையாக க, அதன் முதல் ஃபிரெட் ம. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு முழு தாம் திமி. ஸ்வரம் தாம் மீது விழும், திமி எப்போதும் போல வருடலும் கட்டைவிரலும்.

க க | ம ம | க க | ரி ரி
க க | ம ம | க ரி | ச ச

பதினாறு தாம் திமி முடிந்தால் ஒரு பகுதி. ரி வரும்போது வருடலில் இரண்டாம் தந்தியின் காந்தாரம் சேர்ந்து உரசும். முதல் தந்தியை மட்டும் தொடுங்கள், அல்லது ஆள்காட்டி விரலை இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் சேர்த்து வையுங்கள், உரசல் போய்விடும். இடது கை மாறும்போது வலது கை தயங்கக் கூடாது. விரல் போய்ச் சேரவில்லை என்றால் தவறான ஸ்வரம் ஒலிக்கட்டும், தாளம் நிற்க வேண்டாம். நடனத்துக்கு வாசித்த இசையில் தப்பு ஸ்வரத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆடுபவர் கால் தடுக்கினால் எல்லோரும் கவனிப்பார்கள்.

க என்ற காலி இடம்

மெட்டு ஓடத் தொடங்கியதும், தகதிமியில் மௌனமாக விட்ட அந்த க மீது கவனம் வையுங்கள். ஒரு வாசிப்பாளருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த இடத்தை எதனால் நிரப்புகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

முதல் வழி ஹாமர்-ஆன். த அடித்த தந்தியில், க விழும் இடத்தில் இடது விரலைச் சுத்தி போல் இறக்குங்கள். வலது கை ஒன்றும் செய்யாமலே இரண்டாவது ஸ்வரம் கிடைக்கும். மூன்றாம் தந்தியை வெறுமையாக அடித்து இரண்டாம் ஃபிரெட்டில் விரலை இறக்கினால் ச-ரி. மங்கலாக வந்தால் விரலை மேலும் உயர்த்தி இறக்காதீர்கள், ஃபிரெட்டை ஒட்டி இறக்குங்கள். அவசரக்காரர்கள் ஹாமரை த அடித்த உடனேயே இறக்கிவிடுவார்கள், ஸ்வரம் கமகம் போல் ஒட்டிக்கொள்ளும். அது க இடத்தில் தனி ஸ்வரமாக நிற்க வேண்டும்.

இரண்டாவது புல்-ஆஃப். அழுத்திய விரலைத் தூக்காமல் பக்கவாட்டில் இழுத்து விடுவித்தால் தந்தி மறுபடி ஒலிக்கும். வெறுமனே தூக்கினால் ஒலி செத்துப்போகும். மூன்றாவது ஸ்லைடு. ஒரு ஃபிரெட்டில் அடித்து, அழுத்தம் குறையாமல் அடுத்ததற்கு வழுக்கிப் போவது.

நான்காவது டபிள் தம்பிங்: க இடத்திலும் கட்டைவிரலால் ஐந்தாம் தந்தியை ஒலிப்பது. கட்டைவிரல் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பதால் புதிதாகக் கற்க எதுவுமில்லை. ஐந்தாவது டிராப் தம்ப். அதே கட்டைவிரல் ஐந்தாம் தந்திக்குப் பதிலாக உள்ளே இறங்கி இரண்டாவதையோ மூன்றாவதையோ மீட்டுகிறது. நகம் முதல் தந்தி, கட்டைவிரல் இரண்டாவது, நகம் முதல், கட்டைவிரல் ஐந்தாவது என்பதுதான் அடிப்படைப் பாடம். கஷ்டமானது என்று பெயர் வாங்கியிருக்கிறது. கஷ்டம் கட்டைவிரலில் இல்லை. அது இறங்கும்போது மொத்தக் கையும் கூடவே சாய்ந்துவிடுகிறது, அடுத்த நகத்தடி குறி தவறுகிறது. கையை அசைக்காமல் கட்டைவிரலை மட்டும் மடக்கப் பழகுங்கள். பலர் முதல் மாதமே இதற்குத் தாவி, தாம் திமியையும் சேர்த்துக் குலைத்துக்கொள்கிறார்கள். தாம் திமியில் ஐந்தாறு மெட்டுகள் தயங்காமல் வந்த பிறகு தொடுவது உத்தமம்.

காதால் மெட்டைப் பிடிப்பது

எந்தத் தந்தியில் எந்த ஃபிரெட் என்று எண்களால் எழுதிய டேப் தாளில் எல்லாம் தெளிவாக இருக்கும், ஆனால் ஓல்டு டைம் மெட்டுக்கு நிலையான வடிவம் கிடையாது. தாளில் இருப்பது ஒருவர் ஒரு நாள் வாசித்த ஒரு சுற்று. கையசைவு புரிய டேப் உதவும், மெட்டைக் காதால் பிடிப்பதே பின்னால் கைகொடுக்கும்.

ஒரு பதிவை இருபது முறை கேளுங்கள், கருவியைத் தொடாமல். வாயால் முனக முடிந்தால்தான் அடுத்த படி. பிறகு ச எது என்று கண்டுபிடியுங்கள். மெட்டு முடியும் ஸ்வரம் பெரும்பாலும் அதுதான். பழைய இசைத்தட்டுகளின் வேகம் ஒரே மாதிரி இருந்ததில்லை, ஏ சுருதி மெட்டு பி-க்குக் கீழே எங்கோ நிற்கும். அப்போது கருவியைப் பதிவுக்குச் சேருங்கள், அல்லது மென்பொருளில் பதிவின் சுருதியை மாற்றுங்கள். ட்யூனரை நம்பிக் குழம்ப வேண்டாம்.

அடுத்து எந்த ஸ்வரங்கள் வருகின்றன என்று பாருங்கள். ராகம் பழகிய காதுக்கு இது சுலபமான வேலை. ‘ஓல்டு ஜோ கிளார்க்’ ஹரிகாம்போதியின் ஸ்வரங்களில் நிற்கிறது. 1850இல் ஸ்டீஃபன் ஃபாஸ்டர் வெளியிட்ட பாட்டிலிருந்து மருவி வந்த ‘ஆஞ்சலின் த பேக்கர்’ டி சுருதியில் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களோடு முடிந்துவிடும், டபிள் சியில் கேப்போ போட்டு எடுக்க அருமையான மெட்டு. ‘க்ளக் ஓல்டு ஹென்’ போன்றவற்றில் காந்தாரம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே ஊசலாடும். ரவுண்ட் பீக்கில் ஃபிரெட் இல்லாத பேஞ்சோவை விரும்பியது ஏன் என்று இந்த ஸ்வரத்தைக் கேட்டால் புரியும். ஃபிரெட் உள்ள கருவியில் விரலால் தந்தியைக் கொஞ்சம் தள்ளி அதை எட்டிப் பிடிக்கலாம்.

ஸ்வரங்கள் தெரிந்ததும் எல்லாவற்றையும் வாசிக்க முயலாதீர்கள். கால் தட்டும் இடங்களில் விழும் ஸ்வரங்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தாம் திமி போடுங்கள். மெட்டின் நிழல் தெரியும். அது நிற்காமல் ஓடிய பிறகு, விட்டுப்போன ஸ்வரங்களை க இடத்தில் ஹாமர், புல்-ஆஃப் வழியாக ஒவ்வொன்றாகச் சேருங்கள். பதிவை முக்கால் வேகத்துக்குக் குறைத்துக் கூடவே வாசியுங்கள். பாதி வேகம் வேண்டாம், அந்த அளவுக்கு மெதுவானால் நடையே மறைந்துபோகும்.

கூட்டத்தில் உட்காரும்போது

பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மொத்தம் நான்கு பகுதிகள் ஒரு சுற்று. சில மெட்டுகள் கோணல் மெட்டுகள், ஒரு தட்டு கூடவோ குறையவோ இருக்கும். அது தவறல்ல, அப்படியே கற்க வேண்டும்.

வட்டமாக உட்காருவார்கள். ஃபிடில்காரரின் வில் கை தெரியும் இடத்தைப் பிடியுங்கள். தெரியாத மெட்டு வந்தால் முதல் இரண்டு சுற்று தந்திகளை உள்ளங்கையால் அடக்கிக்கொண்டு, ஓசையில்லாமல் தாம் திமி மட்டும் போடுங்கள். மூன்றாவது சுற்றில் ச எங்கே என்று தெரிந்திருக்கும். ஏற்கெனவே இரண்டு பேஞ்சோ இருந்தால் மூன்றாவதாகச் சேருமுன் கேட்டுக்கொள்வது மரியாதை. எதிரொலிக்கும் இரண்டு ஐந்தாம் தந்திகளே ஃபிடிலை மூழ்கடிக்கப் போதும். சுருதி மாற்ற பேஞ்சோக்காரருக்கு நேரமாகும் என்பதால் ஒரே சுருதியில் ஒரு மணி நேரம் கூட ஓட்டுவார்கள். நடுவில் வேறு சுருதி மெட்டைக் கேட்கக் கூடாது. மெட்டு முடியப்போகிறது என்பதற்கு அடையாளம், தொடங்கியவர் ஒரு காலைத் தூக்குவது. அந்தப் பகுதி முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும்.

பெரிய கூட்டங்களைப் பார்க்க விரும்புவோருக்கு இரண்டு இடங்கள். வர்ஜீனியாவின் கேலக்ஸ் நகரில் 1935 முதல் ஃபிடில் மாநாடு நடக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் கிளிஃப்டாப்பில் 1990 முதல் அப்பலாச்சியத் தந்தி இசை விழா. இரண்டிலும் மேடைப் போட்டி உண்டு, ஆனால் இரவு முழுக்கக் கூடாரங்களுக்கு நடுவே நடப்பதுதான் முக்கியம். அங்கே போக முடியாதவர்கள் கிளிஃப்டாப் கூடாரப் பதிவுகளை இணையத்தில் தேடிக் கேட்கலாம். ஆட்கள் அடுத்த மெட்டுக்காகத் தந்தி முறுக்கும் சத்தம் உட்பட எல்லாம் அதில் இருக்கும்.